கனக்கும் படகு, புடைக்கும் தகடு: அலுமினியப் படகின் மிதவை ஃபோம் கோளாறுகள், அறிகுறி வாரியாக

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் குளம் ஒன்றிலிருந்து பன்னிரண்டடி அலுமினியப் படகு ஒன்று போன தை மாதம் நீலகிரி மலையில், கேத்தியில் உள்ள என் கொட்டகைக்கு வந்தது. வண்டியிலிருந்து அதை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். இந்த அளவுப் படகை வெறுங்கூடாக இரண்டு பேர் தூக்கிவிடலாம். கை கொடுத்த பையன் மூச்சு வாங்கிக்கொண்டே, "அண்ணா, உள்ளே யாராவது படுத்திருக்கிறார்களா?" என்று கேட்டான். ஒருவிதத்தில் ஆமாம். தண்ணீர் நிரம்பினாலும் படகு மூழ்காமல் மிதப்பதற்காக இருக்கைப் பெட்டிகளுக்குள் அடைத்திருந்த ஃபோம் பல வருடங்களாகக் குடித்த தண்ணீர், ஒரு ஆளின் எடைக்குப் படுத்துக் கிடந்தது.

இப்படி ஒரு படகைச் சீர்செய்ய உட்காருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த ஃபோம் வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. பழைய ஃபோம் எதனால் கெட்டது என்று தெரியாமல் புதியதை அடைத்தால், சில வருடங்களில் அதே படகு அதே கனத்தோடு திரும்பி வரும். ஆகவே படகு காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

படகு கனக்கிறது, பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறது

வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, படகின் முன்பக்கத்தை ஒரு முழம் உயர்த்தி முட்டுக் கொடுங்கள். அடியில் தேங்கிய தண்ணீர் பத்து நிமிடத்தில் ஓடிவிடும். பிறகு துளைக்குக் கீழே ஒரு டம்ளரை வையுங்கள். மூன்றாம் நாளும் அதில் சொட்டு விழுந்துகொண்டிருந்தால், அது ஃபோம் கக்குகிற தண்ணீர். எஸ்டேட் படகு ஒன்பது நாள் சொட்டியது.

அடுத்து வேண்டியது தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன மின்தராசு போதும். இருக்கை மேல்தகட்டின் ஓரத்து ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, கை நுழையும் அளவுக்குத் தகட்டைத் தூக்குங்கள். ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியால் நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து செ.மீ. இருக்கும்படி ஒரு கட்டியை வெட்டி எடுங்கள். அது சரியாக ஒரு லிட்டர். படகுகளில் ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம் பெரும்பாலும் கனமீட்டருக்கு 32 கிலோ ரகம் என்பதால், உலர்ந்த கட்டி 32 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 50 கிராம் வரை நான் பொறுத்துக்கொள்வேன்.

ஒரே இடத்தில் எடுத்து ஏமாறாதீர்கள். எங்கள் படகில் மேலிருந்து வெட்டிய கட்டி 41 கிராம் காட்டியது. நல்ல ஃபோம்தானே என்று மூடியிருந்தால் முட்டாளாகியிருப்பேன். அடித்தகட்டை ஒட்டி வெட்டிய கட்டி 430 கிராம். விரலால் அழுத்தினேன், தேநீரில் முக்கி மறந்துபோன வர்க்கியைப் போல விரல் உள்ளே இறங்கியது, மணிக்கட்டு வரை பழுப்புத் தண்ணீர் வழிந்தது. லிட்டருக்கு 400 கிராம் தண்ணீர். அந்த நிலையில் இருந்தது ஏறக்குறைய 120 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் 48 கிலோ. ஒல்லியான ஆள்தான், ஆனாலும் ஆள்.

கனம் பாதிக் கதைதான். உலர்ந்த ஃபோம் ஒரு லிட்டர், தண்ணீருக்குள் முழுதும் அமிழ்ந்தால் 960 கிராமுக்கு மேல் தூக்கும். 430 கிராம் நிறுக்கும் லிட்டர் வெறும் 570 கிராம்தான் தூக்கும். ஆபத்து நேரத்தில் கை கொடுக்க வேண்டியது, அரைக் கையை வெட்டிக்கொண்டு நிற்கிறது.

"வெயிலில் போட்டுக் காயவைத்தால் ஆகாதா?" என்று கேட்காதவர் இல்லை. அந்த 430 கிராம் கட்டியை விறகடுப்புக்கு மேல் பரணில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். 352 கிராம். மூடிய நுண்ணறை ஃபோம் என்றால் ஒவ்வொரு குமிழும் தனித்தனியே அடைபட்டது. அதனால்தான் தண்ணீர் உள்ளே போக வருடங்கள் ஆகின்றன. வெளியே வரவும் அதே பொறுமையைத்தான் காட்டும். நனைந்ததை அறுத்து எறியுங்கள். மேலே உலர்ந்த பகுதி நன்றாக இருந்தால் கட்டியாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அறுத்ததை எரிக்க வேண்டாம். பாலியூரித்தேன் எரியும் புகையில் சயனைடு வாயு உண்டு. தூள் பறக்காமல் கோணிப்பையில் கட்டுங்கள். ஓடைக்குள் போனால் அது கீழே பவானி வரைக்கும் போகும்.

தண்ணீர் எப்படி ஏறியது? பெரும்பாலும் மூன்று வழிகள். ஃபோம் அடித்தகட்டில் நேராக உட்கார்ந்து, தண்ணீர் வடிகாலுக்கு ஓட வழியில்லாமல் செய்திருக்கும். அல்லது படகு மல்லாந்தபடியே தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழைக்காலத்தையும் பார்த்திருக்கும். மூன்றாவது நம் மலைக்கே உரியது: மார்கழி, தை உறைபனி. நனைந்த ஃபோமின் மேலடுக்கு இரவில் உறைந்து விரிந்து நுண்ணறைச் சுவர்களைக் கிழிக்கிறது. பகலில் இளகி, கிழிந்த வழியே இன்னும் கொஞ்சம் தண்ணீர் நுழைகிறது. படகைக் கவிழ்த்து, இரண்டு கட்டைகள் மேல் ஏற்றி வைப்பதற்குப் பணம் செலவாகாது.

ஃபோமை எடுத்த இடத்தில் வெள்ளைப் பொடி, ஊசிக் குழிகள்

இது அலுமினியத்தின் துரு. ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஊட்டி ஏரி முதல், மின்சாரத்துக்காகக் கட்டிய பைக்காரா, எமரால்டு அணைகள் வரை நம்மிடம் உள்ளது எல்லாம் நன்னீர்தான். உப்பில்லாத தண்ணீர் அலுமினியத்தை என்ன செய்யும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. காற்றுப் படும் தகட்டில் அந்த நம்பிக்கை பலிக்கும். அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோல் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. ஈரப் பஞ்சு போன்ற ஒன்று வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காற்றை மறித்தால், அந்தத் தோல் புதுப்பிக்கப்படுவதில்லை, குழி விழுகிறது.

நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி பிரஷ்ஷும் எஃகு நாரும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் துகள் ஒவ்வொன்றும் ஒரு புதுக் குழிக்கு விதை. பிறகு விளக்கை அணைத்து, தகட்டுக்கு அடியிலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரியும் ஓட்டைகளுக்கு ஒட்டுத்தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். தடிமனில் பாதிக்குள் நிற்கும் குழிகளுக்கு எபாக்ஸிப் பசை போதும்.

தரைக்குப் போட்ட பிளைவுட்டையும் ஒரு முறை சந்தேகியுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்புச் சத்துள்ள மருந்தேற்றிய பலகை, ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தகட்டைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட படகில் எவ்வளவு உயர்ந்த ஃபோம் போட்டாலும் பழி ஃபோம்மேல்தான் விழும்.

பழைய ஃபோம் உருகிப் பிசினாகக் கிடக்கிறது

பெட்ரோல். வேறு காரணம் தேட வேண்டாம். டேங்க் வைத்த மூலையில் தெர்மோகோலோ, நீலநிறப் பலகையோ அடைத்திருப்பார்கள். கசிந்த பெட்ரோல் அதைச் சர்க்கரைப் பாகாக்கிவிட்டது. இரண்டும் பாலிஸ்டைரீன். எந்த ஃபோம் எங்கே என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் சொல்ல முடியும்.

தெர்மோகோல் எங்கும் கிடைக்கிறது, விலை குறைவு. பருத்த மணிகளை ஆவியில் ஒட்டவைத்தது. மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் மெல்ல நுழையும். கல்யாண மேடைக்கு நல்லது. படகுக்குள் நான் வைப்பதில்லை.

கூரைக்கு வெப்பத்தடுப்பாகப் போடும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு எக்ஸ்பிஎஸ் பலகை அதே பொருள்தான். ஆனால் மணிகளாக இல்லாமல் ஒரே பிழம்பாக அழுத்திப் பிதுக்கியது, சந்து கிடையாது. தண்ணீர் மிகக் குறைவாகவே ஏறும். கோயம்புத்தூரில் கட்டடப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். துடுப்புப் படகுக்கு என் முதல் தேர்வு இதுதான். வெட்டிச் செருகலாம்; பத்து வருடம் கழித்து உருவி எடுத்து நிறுத்துப் பார்த்துத் திரும்பச் செருகலாம். ஊற்றிய ஃபோமில் இது நடக்காது. இதற்குப் பெட்ரோல் ஆகாது. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் செருப்புத் தைப்பவர் பசையும் ஆகாது. அவற்றில் உள்ள கரைப்பான் பலகையைக் குழிபறிக்கும். பாலியெஸ்டர் ரெசினும் அப்படியே. எபாக்ஸி ஒன்றும் செய்யாது.

இன்ஜின் உள்ள படகில், டேங்க்கைச் சுற்றிலும் பின்பலகை ஓரத்திலும் மட்டும், இபிஇ எனப்படும் பாலித்தீன் ஃபோமை வையுங்கள். பிரிட்ஜ், டிவி வரும் பெட்டிகளின் மூலைகளில் இருக்குமே, ரப்பர் போல வளையும் வெள்ளைக் கட்டி, அந்த இனம். பெட்ரோல் அதைக் கரைப்பதில்லை. விலை அதிகம், தடித்த பாளமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். கனமான சாமான் அழுத்தும் இடத்தில் தளர்ந்து போகும். ஆகவே தரைக்கு அடியில் முட்டுக்கொடுக்க உதவாது.

கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல், மூடி அளவு பெட்ரோலில் போட்டுப் பாருங்கள். பாலிஸ்டைரீன் ஓரிரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

டப்பாவிலிருந்து பீய்ச்சும் ஃபோமைப் பற்றி ஒரு வார்த்தை. கதவு நிலைச் சந்துகளை அடைக்கும் பொருள் அது. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து இறுகும். மூடிய இருக்கைப் பெட்டிக்குள் பீய்ச்சினால் மேல்தோல் இறுகி, நடுவில் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். மிதவைக்கு அது கிடையவே கிடையாது.

ஊற்றிய ஃபோம் பொங்கவில்லை. அல்லது பொங்கிப் பின் சுருங்கிவிட்டது

வளைந்த மூலைகள் நிறைந்த படகில் பலகை வெட்டிச் செருக முடியாமல், இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும் பாலியூரித்தேனுக்குப் போகிறவர்கள் உண்டு. தகட்டோடு ஒட்டிக்கொண்டு படகுக்கே விறைப்புக் கொடுக்கும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது சமவெளியின் வெப்பத்தை மனதில் வைத்துச் செய்த சரக்கு. திரவங்கள் இரண்டும் 24 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். தை மாதக் காலையில் என் கொட்டகை 9 டிகிரி.

முதல் தடவை எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு திரவங்களிலும் அரை அரை லிட்டர், சம அளவு, கலந்து ஊற்றினேன். முப்பது லிட்டருக்கு எழும்பும் என்று எதிர்பார்த்தேன். பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. அறுத்துப் பார்த்தால் தகட்டை ஒட்டி ஒரு விரல் தடிமனுக்குப் பிளாஸ்டிக் ஓடு போலக் கெட்டி. குளிர்ந்த அலுமினியம் வினையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டதால், ஃபோம் பொங்காமலே இறுகிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய மிதவையில் பாதி, எடையாக மாறி உட்கார்ந்திருந்தது.

இப்போது செய்வது இது. டப்பாக்கள் இரண்டையும் மூடியோடு, கை பொறுக்கும் சூட்டு வெந்நீர் நிறைந்த வாளியில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறேன். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக்கூடாது. படகை நண்பகல் வரை வெயிலில் போட்டுவிட்டு, தகடு தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ஊற்றுகிறேன். மூடுபனி இறங்கிய நாளில் வேலையையே எடுப்பதில்லை. தகட்டில் பனித்துளி பூத்திருந்தால் கலவையில் உள்ள ஐசோசயனேட் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவைக் கிளப்பும்; பெரிய பெரிய ஓட்டைகளோடு, ஒட்டாமல், அப்பம் போல எழும்பி நிற்கும். பார்க்க அழகு. ஒரு மழைக்காலம் தாங்காது.

இன்னொரு வினோதம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆகவே சரியான சூட்டில் கலந்தால் ஃபோம் இங்கே சமவெளியைவிட அதிகமாகவே பொங்கும். அடர்த்தி குறையும், குளிர்ந்ததும் சுருங்கித் தகட்டைவிட்டு விலகவும் கூடும். குளிர் ஒரு பக்கம் இழுக்க, உயரம் மறுபக்கம் இழுக்க, டப்பாவின்மேல் அச்சடித்த கணக்கு எதற்கும் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் ஒரு காகிதக் கோப்பையில் இரண்டு திரவங்களிலும் இருபத்தைந்து மில்லி கலந்து பொங்கவிட்டு, மறுநாள் ஒரு கட்டி வெட்டி நிறுத்துப் பார்த்துத்தான் படகுக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறேன். கட்டி அழுத்தினால் மெத்தென்று அமுங்கினாலோ, பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ, இரண்டு திரவத்தில் ஒன்று கூடிப்போயிருக்கிறது என்று பொருள்.

கையுறை, கண்ணாடி, கரிம ஆவி வடிகட்டி போட்ட முகமூடி மூன்றும் வேண்டும். துணி மாஸ்க் போதாது. ஐசோசயனேட் ஆவி ஒரு முறை நெஞ்சுக்கு ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், அடுத்த முறை சிறிதளவு பட்டாலும் மூச்சு இழுக்கும்.

தகடு வெளியே புடைத்துவிட்டது

பெட்டியை முழுதும் மூடிவிட்டு, ஒரே துளை வழியாக ஒரே தடவையில் ஊற்றியிருப்பீர்கள். பொங்கும் ஃபோமுக்குப் போக வழி இல்லையென்றால் அது தகட்டைத் தள்ளும், ரிவெட்டையும் பிடுங்கும். மேல்பக்கம் திறந்தபடி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் எழும்பாத அளவில், அடுக்கடுக்காக ஊற்றுங்கள். ஒவ்வோர் அடுக்கும் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அடுத்தது. ஆறவிடாமல் மொத்தமாக ஊற்றினால் நடுப்பகுதி கருகிப் பழுப்பேறி வெடிப்பு விடும். புடைத்த தகட்டை உள்ளே தட்டிச் சேர்க்க முடியாது. ஃபோமை அறுத்தெடுத்த பிறகுதான் முடியும்.

ஃபோமே இல்லாத படகிலும் இந்த அறிகுறி வரலாம். சமவெளிப் பட்டறையில் காற்றுப்புகாமல் வெல்டிங் செய்த வெற்று இருக்கைப் பெட்டி, மலையேறி வந்ததும் உப்பிக்கொள்ளும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூரில் தலையணை ஆகிறதே, அதே சங்கதி. சிப்ஸ் பாக்கெட்டுக்கு அது விளையாட்டு. தட்டையான தகட்டில் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் வரும். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழ அது போதும். விரிசல் விழுந்த காற்றுப்பெட்டி தண்ணீர்ப்பெட்டிதான். ஒரு சிறு மூடித் திருகு வைத்து, மேலே வந்ததும் ஒரு முறை திறந்து மூடுங்கள். கூடவே உள்ளே பலகை ஃபோமையும் அடைத்துவிடுங்கள், விரிசல் விட்டாலும் மிதக்கும்.

காலிப் பிளாஸ்டிக் பாட்டில்களை அடைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நீலகிரிக்குள் பாட்டிலைக் கொண்டுவந்தால் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மதியம் மூடிய பாட்டில் இரவுக் குளிரில் நசுங்கி, பகலில் விரிந்து, தினமும் முனகிக்கொண்டே இருக்கும். உருண்டைகளுக்கு இடையில் வீணாகும் இடமும் அதிகம்.

கீச்சொலி, எலி, எறும்பு

எக்ஸ்பிஎஸ் பலகை தகட்டில் உரசினால் கரும்பலகையில் நகம் கீறுவது போலக் கத்தும். நடுவே மெல்லிய இபிஇ தாளைச் செருகுங்கள். எலி எல்லா ஃபோமையும் கொறிக்கும். எறும்பும் கூடு கட்டும். எந்த ரகம் வாங்கினாலும் இதற்கு மருந்து இல்லை. இருக்கைப் பெட்டியின் வடிகால் துளைகளைக் கம்பிவலையால் மூடுங்கள். அலுமினிய வலையாக இருக்கட்டும்.

தண்ணீர் நிரம்பினால் கவிழ்கிறது. அல்லது பின்பக்கம் மட்டும் மூழ்கி மூக்கு மேலே நிற்கிறது

ஃபோம் நன்றாக இருந்தும் இது நடக்கும், ஏனென்றால் குற்றம் ஃபோமில் இல்லை, இடத்தில் இருக்கிறது. என் பார்வையில் படகுச் சீரமைப்பில் மிகுதியாகச் செய்யப்படும் தவறு இதுதான்: தரைக்குக் கீழே இடம் இருக்கிறதே என்று ஃபோம் முழுவதையும் அங்கே அடைத்துவிடுவார்கள். படகில் தண்ணீர் நிரம்பியதும் அடிப்பக்கம் மேலே வரத் துடிக்கும். ஒரு ஆள் ஓரத்தைப் பிடித்தால் போதும், ஆமை போலப் புரண்டுவிடும். ஃபோம் விளிம்புக்குக் கீழே, இரண்டு பக்கவாட்டிலும், எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து ஃபோம் அமிழ்ந்து, அதுவே தூக்கி நிமிர்த்தும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை, இருபதடிக்கு உட்பட்ட அவுட்போர்டு படகுகள் (பின்பலகைக்கு வெளியே இன்ஜின் மாட்டியவை) தண்ணீர் நிரம்பினாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகவே.

எவ்வளவு ஃபோம் வேண்டும் என்பதற்கு எஸ்டேட் படகின் கணக்கையே தருகிறேன். கூடு 75 கிலோ. அலுமினியம் தண்ணீருக்குள் தன் எடையில் 0.63 பங்குதான் கனக்கும். ஆக 47 கிலோ. சின்ன அவுட்போர்டு இன்ஜின் 27 கிலோ. அதன் தலை தண்ணீருக்கு மேலேயே நிற்கும் என்பதால் அதற்கு இந்தக் கழிவு கொடுப்பதில்லை. நங்கூரம், சாமான் என்று 10. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் மூன்று பேருக்கு ஆளுக்கு 20 என்று 60. தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கும் உடம்பு அவ்வளவு கூடக் கனக்காது, ஆனால் பயந்தவர்கள் மேலே ஏறப் பார்ப்பார்கள். மொத்தம் 144. ஃபோம் முதுமையடைவதற்காகக் கால் பங்கு கூட்டினால் 180 கிலோ. லிட்டருக்கு 0.96 என்று வகுத்தால் ஏறக்குறைய 188 லிட்டர். 1,250-க்கு 600 மி.மீ., 50 மி.மீ. தடிமன் உள்ள எக்ஸ்பிஎஸ் பலகை ஒன்று 37.5 லிட்டர், ஐந்து பலகை கணக்குக்கு, ஆறாவது வெட்டுக் கழிவுக்கு. இன்ஜின் படகு ஆதலால், பின்பக்கத்துக்கு வேண்டியதைப் பலகையில் வெட்டாமல் அதே கொள்ளளவுக்கு இபிஇ வாங்கினேன்.

கடற்கரைக்காரர்கள் அமரம் என்று சொல்லும் பின்பகுதிக்கு, இன்ஜினின் 27 கிலோவுக்கான 28 லிட்டர் தனியாக வேண்டும்; இன்ஜினுக்கு இடமும் வலமும் பதினான்கு பதினான்காக, பின்பலகையை ஒட்டி. இதைப் பொதுக் கணக்கில் கலந்து நடு இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டால்தான் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

பலகைகளை அடித்தகட்டில் உட்காரவைக்காதீர்கள். இரண்டு விரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டைகள் வைத்து, அதன்மேல் ஏற்றுங்கள். நடுத்தண்டை ஒட்டி முன்னிருந்து பின் வரை கைவிரல் நுழையும் வாய்க்கால் ஒன்று வெறுமையாக இருக்க வேண்டும். முன்பக்கம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பின்னால் வடிகால் துளையில் முழுதாக வந்து விழ வேண்டும். எங்களுக்கு முதல் முறை பாதிதான் வந்தது. நடு இருக்கைக்கு அடியில் ஒரு பட்டை குறுக்கே கிடந்தது.

இருக்கைகளைத் திரும்ப ரிவெட் அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல சிறு படகுகளில் இருக்கைப் பெட்டிதான் இரண்டு பக்கத் தகடுகளையும் விறைப்பாகப் பிடிக்கிறது. ஊற்றிய ஃபோம் அந்தப் பெட்டிக்குள் எலும்பு போல வேலை செய்திருக்கும். அதை எடுத்துவிட்டுப் பலகையைச் சும்மா செருகினால் உட்காரும்போது தகடு அமுங்கும். குறுக்கே ஒரு அலுமினியக் கோணச் சட்டம் போட்டால் தீர்ந்தது.

கடைசியில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வடிகாலைத் திறந்துவிட்டு, விளிம்புவரை நிரம்பவிட வேண்டும். இன்ஜினை நனைக்க முடியாது. அதற்குப் பதில் எடை கட்ட வேண்டும். முதலில் மணல் மூட்டை கட்டிய நாங்கள் சந்தோஷமாக ஏமாந்தோம்: மணல் மூழ்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இரும்புக்கு எட்டில் ஒரு பங்குதான் குறையும். உருளைக்கிழங்கு மண்டியிலிருந்து இருபது கிலோ எடைக்கல் ஒன்றும் பத்துக் கிலோ ஒன்றும் இரவல் வாங்கி வந்து, பின்பலகையின் உச்சியில், இன்ஜினின் தலை நிற்கும் உயரத்துக்குக் கயிற்றால் கட்டினோம். படகு விளிம்பு மட்டத்துக்கு அமிழ்ந்து நின்றது. பையனை வலது ஓரத்தில் தொங்கச் சொன்னேன். நான்கு விரல் சாய்ந்தது, விட்டதும் நிமிர்ந்தது. பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்தது. பரணில் எடுத்து வைத்திருந்த பழைய உலர்ந்த கட்டிகளில் பத்தைத் தார்ப்பாய்ப் பையில் தைத்து, பெட்ரோல் டேங்க்குக்கு எதிர்ப்புற மூலையில் செருகினோம். மறுபடி நிரப்பியபோது வித்தியாசம் இரண்டு விரல்.